சொந்தக்காரர் இல்லாத நகரம்

ஜெர்மனியில் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாத ஒரு நகரத்தைக் கண்டுபிடிப்பது லேசான காரியமில்லை. கொலோனில் என் கணவருடைய சித்தப்பாவின் மகன் இருக்கிறார். பெர்லினில் என் பெரியம்மாவின் மகள். நியூரம்பேர்க்கில் இவருடைய பள்ளிக்கூடத்துக் கூட்டாளி ஒருவர். அவர் சொந்தக்காரரை விட மோசம், வாசலுக்குள் கால் வைத்தால் மூன்று நேரமும் சாப்பிடாமல் விடமாட்டார். ஹைடல்பேர்க் வடிவான ஊர் என்று மகள் படம் காட்டினாள். அங்கே யாருமில்லை என்று சந்தோசப்பட்டேன். பிறகு பார்த்தால் இவருடைய அக்காவின் சம்பந்தி வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார்கள்.

கடைசியில் ட்ரியர் அகப்பட்டது. பழைய நகரம். ரோமர் கட்டிய பெரிய கல்வாசல் ஒன்று நடுத்தெருவில் கறுத்துப் போய் நிற்கிறது. எங்கள் ஆட்களின் கையில் கிடைத்திருந்தால் திருநாளுக்குத் திருநாள் பெயின்ற் அடித்திருப்பார்கள். ஜெர்மன்காரர் அந்தக் கறுப்பை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்தது. அந்த ஊரில் எங்களைத் தெரிந்த ஒரு தமிழ்ச் சனமும் இல்லை என்பது அதைவிடப் பிடித்தது.

விசயம் இதுதான். என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், டோர்ட்முண்ட் பக்கம் இருக்கிறார். அவருடைய மகளுக்குக் கல்யாணம். சிட்னியிலிருந்து நானும் இவரும் போகிறோம். கல்யாணம் முடிந்து அடுத்த சனி, ஞாயிறு எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. அந்த இரண்டு நாளையும் நான் கேட்டேன். நானும் இவரும் மட்டும். ஹோட்டலில் ஒரு அறை. வேறு ஒருவரும் கிடையாது.

இதை எழுதும்போதே முகம் சுடுகிறது. ஐம்பது தாண்டின பொம்பிளை, கல்யாண வயதில் பிள்ளைகள், புருசனோடு ஹோட்டல் அறை கேட்கிறாள். ஆனால் எங்கள் கதை அப்படி. நான் கல்யாணம் செய்து சிட்னிக்கு வந்தபோது ஹோம்புஷில் ஒரு ஃப்ளாட். அறையில் இவருடைய அண்ணன் குடும்பம், ஹோலில் நாங்கள். பிறகு வென்ட்வேர்த்வில்லில் வீடு வாங்கினோம். அடுத்த அறைக்கு மாமி வந்தார். பிள்ளைகள் வந்தார்கள். படகில் வந்த, இவருக்கு மருமகன் முறையான பெடியன் கராஜில் இருந்தான், அவன் போக அவனுடைய தம்பி வந்தான். கதவைச் சாத்தினால் ஏன் சாத்தினீர்கள் என்று கேட்க வீட்டில் எப்போதும் ஒரு ஆள் இருந்தது. நான் யாரையும் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் நான்தான் சமைத்துப் போட்டேன். ஆனால் இரண்டு இரவு, யாரும் கேட்காமல் சாத்திய கதவு எனக்கு வேண்டும். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லையென்று யாராவது சொன்னால் வாயில் வந்ததைச் சொல்வேன்.

மகள் லாப்டொப்போடு குசினி மேசையில் வந்து இருந்தாள். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்டேன். டோர்ட்முண்டிலிருந்து றெயின், இடையில் ஒரு மாற்றம். ஹோட்டல் அந்தக் கறுத்த வாசலுக்குப் பக்கத்தில். சனி பின்னேரம் சந்தைச் சதுக்கத்தில் கோப்பி. ஞாயிறு காலை பெரிய கத்தோலிக்கக் கோயிலில் பூசை. பிறகு ஆற்றோரம் நடக்கலாம். மகள் சிரித்தாள்.

"அம்மா, ஹனிமூனா?"

"வாயைப் பொத்தடி. ஜன்னல் இருக்கிற அறையா எண்டு பார்."

எல்லாம் சரி. மச்சாளுக்குச் சொல்ல வேண்டும், அதுதான் மிச்சம். எங்கள் ஆட்களுக்குள் இது சின்ன விசயமில்லை. அக்கா வீடு இருக்க ஹோட்டலில் போய் நிற்பது என்றால் அக்காவின் முகத்தில் அடித்த மாதிரி. அதோடு மச்சாள் அந்தச் சனி, ஞாயிறுக்கு ஏற்கனவே பாரிஸ் போகத் திட்டம் போட்டிருந்தார். லாச்சப்பல் தமிழ்க் கடைகளில் சாறி வாங்கவும், அங்கேயுள்ள மாமா வீட்டில் எங்களைக் கொண்டுபோய்க் காட்டவும். அவருடைய தம்பி நீங்கள், நீங்களே சொல்லுங்கள் என்று இவரிடம் விட்டுவிட்டேன். அங்கேதான் பிழை விட்டேன்.

நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினார். கடைசியில் போனை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போனார். குசினி ஜன்னலால் பார்த்தேன். உடுப்புக் காயப்போடும் கம்பியைச் சுற்றிச் சுற்றி நடந்தபடி கதைத்தார். உள்ளே வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"சொல்லியாச்சு. அக்கா ஓமெண்டுட்டா."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்ன சொல்லிறது? கட்டாயம் போங்கோ எண்டவா."

மச்சாள் இவ்வளவு நல்லவரா என்று நினைத்தேன். இத்தனை வருடமாக அவரைப் பற்றித் தப்பாக நினைத்தோமே என்று கவலைகூடப் பட்டேன். மகள் அறையைப் பதிவு செய்தாள்.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து கார் பார்க்குக்கு வந்தோம். எங்கள் செபக் குழுவை நடத்தும் அன்ரி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளை, தைரியமா இரும். மாதா கைவிட மாட்டா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன அன்ரி? ஆருக்கு என்ன?"

"எங்களிட்ட ஏன் ஒளிக்கிறீர்? உம்மட மச்சாள் கனடாவில இருக்கிற என்ர தங்கச்சிக்குச் சொல்லி அழுதவவாம். நோய் வருத்தத்தை மறைச்சு வைக்கக் கூடாது பிள்ளை."

யாரோ செத்துப்போனார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பி இவரைப் பார்த்தேன். மனுசன் குனிந்து கார் ரயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயரில் ஒன்றுமில்லை. அப்போதே பாதி விளங்கிவிட்டது.

மிச்சத்தைக் காருக்குள் கேட்டேன். அறை, ஹோட்டல் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. ட்ரியரில் பெரிய கோயில் இருக்கிறது, அங்கே யேசுவின் அங்கி என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள் என்று எங்கேயோ வாசித்திருக்கிறார். அதனால் ஒரு நேர்த்தி இருக்கிறது, அந்தக் கோயிலில் போய்த் தீர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். நேர்த்தி என்றால் யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள். மன்னாரில் பிறந்த எங்கள் ஆட்களுக்கு அது கடவுளுக்குக் கொடுத்த வாக்கு. ஆனால் அக்கா என்ன நேர்த்தி என்று கேட்டிருக்கிறார். இவர் கம்பியை இன்னும் ஒரு தரம் சுற்றி நடந்துவிட்டு, "அவவின்ர சுகத்துக்கு" என்றிருக்கிறார். அவ்வளவுதான். மச்சாள் மிச்சத்தைத் தானே கட்டிக்கொண்டார்.

"என்னைச் சாகக் கிடக்கிறவள் ஆக்கிப்போட்டீங்கள்!"

"நான் வருத்தமெண்டு சொல்லேல்லை. சுகத்துக்கு எண்டுதான் சொன்னனான்."

"பின்ன ஆர் சுகத்துக்கு நேர்த்தி வைக்கிறது? சுகமா இருக்கிறவையோ?"

"இஞ்சாரும், வேற என்னத்தைச் சொல்ல? நானும் பெண்சாதியும் ரெண்டு நாள் ஒரு அறையில தனிய இருக்கப் போறம் எண்டு அக்காட்டச் சொல்லவோ? எனக்கு அறுபது வயசு!"

வீடு வரும் வரைக்கும் நல்லாய் ஏசினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முன்னமே மச்சாள் வீடியோவில் வந்துவிட்டார். அங்கே விடியக் காலமை. தலைகூட வாரி இழுக்காமல் கட்டிலில் இருந்து அழுதார்.

"மச்சாள், எந்த இடத்தில? மார்பிலயோ?"

"எனக்கு ஒண்டுமில்லை மச்சாள். சத்தியமா ஒண்டுமில்லை."

"எங்கட அம்மாவும் கடைசி வரைக்கும் உப்பிடித்தான் சொன்னவா."

"ஐயோ, நான் நல்ல சுகம். நேற்றும் வேலைக்குப் போனனான்."

"வேலைக்கும் போறீரோ! என்ர தம்பி உம்மை வேலைக்கும் விடுறானோ!"

நான் எவ்வளவு இல்லையென்றேனோ அவ்வளவு தைரியசாலி ஆனேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சாள் நல்ல செய்தி சொன்னார். நேர்த்தியென்றால் தனியே போகிற வழக்கம் எங்கே இருக்கிறது? மடு மாதா கோயிலுக்கு நாங்கள் எப்படிப் போவோம், லொறி பிடித்து, பானை சட்டி ஏற்றி, ஊராகத்தானே? அதனால் வாடகைக்கு ஒரு வான் சொல்லியாயிற்று. மச்சாள், அத்தான், புதுப் பொம்பிளை மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டுக்காரர், கொலோன் சித்தப்பாவின் மகன் குடும்பம். பாரிஸ் மாமாவும் நேரே அங்கே வருகிறார். பூசை வைக்க ஜெர்மனியில் இருக்கிற தமிழ்ச் சுவாமியையும் கேட்டிருக்கிறார். மச்சாள் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவாராம்.

"தங்கிறதுக்கும் ஒரு இடம் பிடிச்சிட்டன். யாத்திரிகர் மடம். பெரிய ஹோல், வரிசையாக் கட்டில். பொம்பிளையளுக்கு ஒரு பக்கம், ஆம்பிளையளுக்கு ஒரு பக்கம். நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்."

நேர்த்தி என்று சொன்னால் யாரும் மறிக்க மாட்டார்கள் என்பது இவருக்குத் தெரிந்தது. யாரும் தனியே விடவும் மாட்டார்கள் என்பதை மறந்துவிட்டார். மடுவுக்கு லொறியில் போய் வளர்ந்த மனுசன்.

மகள் பக்கத்து அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தாள். "ஜஸ்ட் டெல் ஹெர் த ட்ரூத், அம்மா. வட்ஸ் த பிக் டீல்?" என்றாள். இங்கே பிறந்த பிள்ளை. அவளுக்கு அது ஒரு வசனம். எனக்கு அப்படியில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நானும் இவரைப் போலவே கடத்தினேன். அந்தக் கிழமை வீட்டுக்குச் சாப்பாடு வந்தபடி இருந்தது. ஒருவர் ஆட்டுக்கால் ரசம். ஒருவர் மாதாவின் தீர்த்தம் ஒரு போத்தல். இவர் ரசத்தைக் குடிக்கும்போது முறைத்தேன். வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

பிறகு அந்தப் பிள்ளை வந்தாள்.

எங்கள் செபக் குழுவில்தான் அவளும். என்னைவிட வயது நல்லாய்க் குறைவு. மார்பில் கான்சர் வந்து மருந்து ஏற்றுகிறவள். பூசைக்கு வரும்போது தொப்பி போட்டிருப்பாள். பூசை முடிய யாரோடும் நின்று கதைக்காமல் போய்விடுவாள். அவள் என் வீட்டு வாசலில் நின்றாள், கையில் ஒரு பை. கதிரையில் இருந்து பையைத் திறந்தாள். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பிகள், தோய்த்து மடித்து வைத்தவை.

"அக்கா, கடையில விக்கிறது தலையைக் கடிக்கும். இது கடிக்காது. முதல் ஊசி முடிய வாய் கசக்கும், எலுமிச்சம்பழம் வைச்சிருங்கோ. ஆரும் பார்க்க வந்தால் நித்திரை எண்டு சொல்லச் சொல்லுங்கோ, இல்லாட்டி உங்களை அழ வைச்சுப்போட்டுத்தான் போவினம்."

அவள் மற்றவர்களோடு இப்படிக் கதைத்து நான் கண்டதில்லை. என்னைத் தன்னோடு சேர்ந்த ஆளாக நினைத்து வந்திருக்கிறாள். யாரோடும் கதைக்க முடியாததையெல்லாம் என்னோடு கதைக்கலாம் என்று வந்திருக்கிறாள். நான் அவளை நிறுத்தினேன்.

"எனக்கு வருத்தம் ஒண்டுமில்லை."

"ஓம், முதல்ல எல்லாரும் அப்பிடித்தான்..."

"இல்லை, கேளும். இது பொய். இவர் தமக்கையிட்டச் சொன்ன பொய். எங்களுக்கு ரெண்டு நாள் தனிய ஒரு ஊருக்குப் போக ஆசை. அதைச் சொல்ல வெக்கப்பட்டு இப்பிடிச் சொல்லிப்போட்டார்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். தொப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"இந்தக் கிழமை முழுக்க உங்களுக்குத்தான் செபமாலை சொன்னனான் அக்கா. எனக்குச் சொல்லேல்லை."

அவ்வளவுதான் சொன்னாள். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். போய்விட்டாள். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் இடத்தில் எத்தனையோ வருடம் வேலை செய்கிறேன். மேற்பார்வைக்காரன் கத்தியிருக்கிறான், வெள்ளைக்காரி மூக்கைப் பொத்தியிருக்கிறாள். ஒரு நாளும் இப்படி நான் சிறுத்துப் போனதில்லை.

அப்படியே மச்சாளுக்குப் போன் அடித்தேன். சுற்றி வளைக்கவில்லை.

"மச்சாள், எனக்கு வருத்தமும் இல்லை, நேர்த்தியும் இல்லை. உங்கட தம்பி பொய் சொன்னவர். நானும் அவரும் தனிய ரெண்டு நாள் நிக்க ஹோட்டலில அறை எடுத்திருக்கிறம்."

மச்சாள் முதலில், "சீ" என்றார். அதற்குப் பிறகு, "நான் கனடா, லண்டன், பாரிஸ் எல்லா இடமும் சொல்லி அழுதனான். இப்ப அந்தச் சனத்துக்கு நான் என்ன சொல்ல? இதைச் சொல்லவோ?"

"உண்மையைச் சொல்லுங்கோ."

"உமக்கு விசரோ? மாதா சுகமாக்கிப்போட்டா எண்டு சொல்லுறன். அதுதான் எல்லாருக்கும் மரியாதை."

"வேண்டாம் மச்சாள்!"

போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. இவர் இங்கிலீஷ் பூசைக்குப் போவோம் என்றார். நான் விடவில்லை. தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால் அன்ரி கையை விரித்துக்கொண்டு நிற்கிறார், சுற்றிவரச் சனம்.

"பிள்ளை! ஸ்கானில ஒண்டுமில்லையாமே! மாதா செய்த புதுமையைப் பாருங்கோ. அடுத்த ஞாயிறு நீர் மைக்கில சாட்சி சொல்ல வேணும்."

சனத்துக்குப் பின்னால் அந்தப் பிள்ளை நின்றாள். தொப்பியோடு, கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு. வாயைத் திறந்தேன். அவளைக் கண்டதும் எனக்குச் சொல்ல வரவில்லை. அப்போது பக்கத்தில் இவருடைய குரல் கேட்டது.

"அன்ரி, இவவுக்கு ஒரு வருத்தமும் வரேல்லை. புதுமையும் இல்லை. நான்தான் பொய் சொன்னனான்."

"என்ன தம்பி சொல்லுறீர்?"

"எனக்கும் இவவுக்கும் தனிய ஒரு இடம் போக விருப்பம். ரெண்டு பேரும் மட்டும். ஹோட்டலில. அக்காட்ட அதைச் சொல்ல வெக்கமா இருந்தது, அதுதான்."

எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இதைத்தான் இவர் சொல்லவில்லை என்று இத்தனை நாள் திட்டித் தீர்த்தேன். சொன்னபோது எனக்கு என்ன வந்தது தெரியுமா? இவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "போதும், வாயை மூடுங்கோ" என்றேன். என் உடம்பு முழுக்கக் கூசியது. அவ்வளவு சனமும் என் படுக்கை அறைக்குள் நின்ற மாதிரி இருந்தது.

"இந்த வயசிலயோ!" என்றார் அன்ரி. என் கையை விட்டுவிட்டார்.

பின்னால் ஒரு அங்கிள் சிரித்தார். "விடுங்கோ அன்ரி, சுகமாத்தான் இருக்கினம் எண்டு இப்பதானே தெரியுது." இன்னும் சிலர் சிரித்தார்கள். சில பொம்பிளைகள் நிலத்தைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. காரில் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் பரமற்றா சிக்னலில் சிவப்பு விழுந்தது.

"சொல்லச் சொன்னது நீர்தானே" என்றார்.

"ஓம்."

"பின்ன ஏன் இழுத்தனீர்?"

"எனக்கும் வெக்கம்தான். உங்களை மட்டும் ஏசினனான்."

பச்சை விழுந்ததை இவர் கவனிக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அந்தப் பிள்ளை வீட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. போக வேண்டும். மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் மன்னிப்புக் கேட்டு அவளை மன்னிக்க வைப்பதும் அவளுக்கு இன்னொரு வேலைதான். செபமாலை சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அதைச் சொல்லிக்கொண்டு அவளிடம் போக எனக்கு முகம் இல்லை. செபக் குழுவில் என் கதிரை அப்படியே கிடக்கிறது, யாரும் என்னை வர வேண்டாம் என்று சொல்லவில்லை, வரச் சொல்லவுமில்லை.

மச்சாளோடு இவர் தானே கதைத்தார், இந்த முறை குசினிக்குள் நின்று, எனக்கு முன்னால். திட்டு வாங்கினார். வான் இல்லையென்று ஆகிவிட்டது. யாத்திரிகர் மடமும் இல்லை. பாரிஸ் மாமாவுக்கு என்ன சொன்னார்களோ தெரியாது, கேட்கவும் பயம். கல்யாண வீட்டில் எங்களைப் பார்த்துச் சனம் கமுக்கமாய்ச் சிரிக்கத்தான் போகிறது. போகாமல் விடுவோமா என்று ஒரு தரம் யோசித்தேன். பிறகு, இவ்வளவு கேவலமும் பட்ட பிறகு போகாமல் விட்டால் பட்டதெல்லாம் எதற்கு என்று கோபம் வந்தது. அறை அப்படியே இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் றெயினுக்குத் தானே கொண்டுபோய் விடுவாராம் மச்சாள். தம்பியை டாக்ஸியில் அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? ஆனால் ஸ்ரேசனுக்குள் வரமாட்டாராம். யாராவது கண்டு எங்கே போகிறார்கள் என்று கேட்டால் தன்னால் பதில் சொல்ல ஏலாதாம்.